ஊக்கில் நின்ற நூல்

அத்தியாயம் பதினொன்று

சித்ரா பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் யாரும் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போவதில்லை. போனால் திரும்பி வர வழி இருக்காது. மத்தியானம் தாண்டினால் செங்கம் ரோட்டில் ஆட்டோவை விடமாட்டார்கள், வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊர் எல்லையிலேயே நின்றுவிடும், மலை சுற்ற வந்த ஜனம் ரோட்டையே தன் சொத்தாக்கிக்கொண்டு நடக்கும். அப்படிப்பட்ட நாளாகப் பார்த்துத்தான் ஜோதியம்மாள் தம்பி வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

எதற்கு வருகிறாள் என்பதுதான் போன வாரமே தெரிந்துவிட்டதே. தேன்மொழியை அழைத்துப் போக.

லீவுக்கு என்று பேர். ஆனால் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, வேங்கிக்காலில் தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் ஜோதியம்மாள் சொல்லிவைத்துவிட்டாள். லீவுக்குப் போகிற குழந்தை லீவு முடிந்து வராது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவன்போல் இருந்தது குழந்தையின் அப்பா மாறன் மட்டும்தான்.

மாறன் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸில் அவன் குரல் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். அக்கா ஜோதியம்மாள் முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

"அக்கா பாப்பாவையே கேக்கட்டும். இருக்கேன்னா இருக்கட்டும், போறேன்னா போகட்டும்" என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு, பௌர்ணமி ஸ்பெஷல் டியூட்டி என்று விடியற்காலையிலேயே பையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தான் தூக்க வேண்டிய பாரத்தை ஆறு வயசுக் குழந்தையின் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறோம் என்பது அவனுக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை.

பூங்கொடிக்கு அவன் மேல் கோபம் வந்தது. கோபப்பட அவளுக்கு உரிமை இருக்கிறதா என்பதில்தான் சந்தேகம். கட்டின புருஷன்தான். ஆனாலும் இன்றைக்கும் அவள் வாயில் அவன் 'மாமா'தான். எழிலரசி அக்காவின் வீட்டுக்காரர் என்ற நாளிலிருந்து வந்த மாமா.

எழிலரசி இருந்தவரை பூங்கொடி கீழ்பென்னாத்தூரிலிருந்து வாரம் ஒருதரம் வந்துபோகிற தங்கச்சி. மஞ்சள் காமாலை முற்றிப் போன கோடையில் எழிலரசி போய்ச் சேர்ந்தாள். "குழந்தைக்கு வேத்து மனுஷி எதுக்கு? சித்தியே இருக்காளே" என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். தை மாசம் கோயிலில் வைத்துச் சுருக்கமாகத் தாலி கட்டிவிட்டார்கள். பூங்கொடியைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துக் கேட்டார்கள். அந்த நேரத்தில் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்?

கல்யாணத்தன்று அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று. "இனிமே அக்காவை நெனச்சு அந்த வீட்ல அழுவாத. கல்யாணம் புடிக்கலன்னு நெனப்பாங்க."

அவள் அழவில்லை. அக்காவின் சமையலறையில் சமைத்தாள், அக்கா விட்டுப்போன புடவையைக் கட்டினாள், அக்காவின் போட்டோவுக்குப் பூ வைத்தாள். கண் மட்டும் கலங்காமல் பார்த்துக்கொண்டாள். கூடப் பிறந்தவளை இழந்தவள் அவளும்தான் என்பது கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

*

"சித்தி, இது அம்மா போட்டதுதானே?"

தேன்மொழி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மேலே சட்டை இல்லை, ஜட்டியோடு இருந்தாள். சித்திரை வெயிலுக்கு அந்த ஓட்டு வீட்டில் குழந்தைகளுக்கு அதுதான் சௌகரியம்.

"ஆமாண்டா கண்ணு. அம்மா போட்டதுதான்."

தகரப் பெட்டியிலிருந்து எடுத்த அந்த வெள்ளை வட்டத்தைப் பூங்கொடி பாயில் விரித்தாள். குரோஷா ஊசியால் போட்டது. கழுத்தில் ஆரம்பித்து, சுற்றுச் சுற்றாக இறங்கி, தோளை மூடி மார்புவரைக்கும் வந்திருந்தது. சுற்றுக்குச் சுற்று சின்னச் சின்னப் பூ. காற்று உள்ளே போகும், உடம்பை உறுத்தாது. இதற்குக் கீழே மெல்லிசு காட்டன் துணியைச் சுருக்கு வைத்துத் தைத்தால் கோடைக்குக் கவுன்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து இந்த மாதிரிக் கவுன் நிறையச் செய்திருக்கிறார்கள். ரமணாசிரமம் பக்கம் தங்க வருகிற வெள்ளைக்காரிகள் தங்கள் ஊர்க் குழந்தைகளுக்கென்று ஆசையாக வாங்கிப் போவார்கள். எழிலரசிக்கு மெஷினைக் கண்டால் ஆகாது. மிதித்தால் கால் ஒரு பக்கம் கை ஒரு பக்கம் போகும். பூங்கொடிக்குக் குரோஷா ஊசியைக் கையில் கொடுத்தால் வெறும் சங்கிலிப் பின்னலுக்கு மேல் தாண்டாது. அதனால் மேல்பாகம் அக்கா, கீழ்பாகம் தங்கை என்று பிரித்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மேல்பாகம் முடிந்ததும் எழிலரசி அதில் ஒரு இடத்தில் ஊக்கு குத்திக் கொடுப்பாள். வட்டத்துக்கு முன் ஏது, பின் ஏது? ஊக்கு இருக்கிற இடம்தான் முன்பக்கத்து நடு. கீழ்த்துணியின் நடுவை அங்கே வைத்துக்கொண்டு பூங்கொடி இரண்டு பக்கமும் சுருக்கைப் பங்கிட்டுத் தைத்துவிடுவாள். "இந்தா, என் பங்கு முடிஞ்சுது" என்று அக்கா மடியில் போட்டால், ஊக்கு எங்கே என்றுதான் இவள் கை முதலில் தேடும்.

தேன்மொழிக்கென்று போட்ட இதிலும் ஊக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, கண்ணெல்லாம் மஞ்சளாக, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழிலரசி இதை நூலுருண்டையோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். "இருக்கட்டும், வந்து பாத்துக்கலாம்" என்றாள். அவள் வரவில்லை. இளம்பச்சைக் காட்டன் துணியும் அவளே எடுத்துவைத்ததுதான். பூங்கொடிக்கு இத்தனை நாளாக அந்தப் பெட்டியைத் திறக்கவே மனசு வரவில்லை. இன்றைக்குத் திறந்தாள். குழந்தை இந்த வீட்டை விட்டுப் போகிறதென்றால் அக்காவும் தானும் செய்ததைப் போட்டுக்கொண்டு போகட்டும். இருந்தாலும் சரி, அதைப் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

"சித்தி, அத்தை வந்து என்ன கேப்பாங்க?"

"உன்னைக் கூப்புடுவாங்க. அவங்க வீட்ல இருக்கியான்னு கேப்பாங்க."

"மாட்டேன்னு சொன்னா அடிப்பாங்களா?"

"சேச்சே, அத்தை ஏன் அடிக்கிறாங்க? உன்மேல அவங்களுக்குப் பிரியம் ஜாஸ்தி."

தேன்மொழி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தன் முடிவைச் சொன்னாள்.

"நான் இங்கயே இருக்கேன்னு சொல்லிடறேன். அத்தை வீட்ல மெஷினே இல்ல."

பூங்கொடிக்கு அவளை வாரிக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தக் குழந்தை போய்விட்டால் இந்த வீட்டில் தான் எதற்கு இருக்கிறோம் என்று அவள் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறாள். அக்காவில் மிச்சம் இருப்பது இவள்தான். தனக்கென்று இருப்பதும் இவள்தான்.

"சரி, எழுந்து நில்லு. தோள் அளவு சரியா வருதான்னு பாக்கலாம். ஒரு வருஷத்துல பனைமரமா வளந்துட்ட."

இனி நடந்ததற்கு யாரை நோவது? தையல்காரிக்குப் பிசிறு ஆகாது. தொங்குகிற நூலைக் கண்டால், பேச்சு ஒரு பக்கம் இருக்க, கை தானாகக் கத்திரியை எடுத்துவிடும். ஊக்கு இருந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். ஊக்கை உருவினாள். அக்கா வெட்ட மறந்திருக்கிறாள் என்று நினைத்து, அங்கேயிருந்து நூலுருண்டைக்குப் போன நூலை ஓட்ட வெட்டி உருண்டையைத் தள்ளி வைத்தாள். ஆயிரம் தடவை செய்த வேலை. குழந்தையின் தலை வழியாக மேல்பாகத்தை மாட்டிவிட்டு, பச்சைத் துணியில் உயரத்தைக் குறிக்கத் திரும்பி உட்கார்ந்தாள்.

எழிலரசி அந்த ஒரு தரம் மட்டும் வேலையை முடிக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. அந்த ஊக்கு நடுவைக் காட்டக் குத்தினது இல்லை. கடைசி வளையம் நழுவாமல் இருக்கக் குத்தினது. குரோஷாவில் ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வளையம் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடைசி வளையத்துக்கு முடிச்சும் இல்லை, ஊக்கும் இல்லையென்றால் போட்டதெல்லாம் வந்த வழியே போக வேண்டியதுதான்.

"சித்தி, இங்க பாரேன். நூலு வந்துனே இருக்கு."

பூங்கொடி துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "விளையாடாம நில்லுடி."

"வயித்துல கூசுது சித்தி."

குழந்தை சிரித்துக்கொண்டே இழுத்தாள். மார்புக்கு நேராகத் துருத்திக்கொண்டிருந்த நூல் நுனி விரலுக்கு வாகாக அகப்பட்டது. இழுக்க இழுக்க அது தொப்புளைச் சுற்றி ஓடிக் கூச்சம் காட்டியது. எந்தக் குழந்தைதான் சும்மா இருக்கும்?

பூங்கொடி திரும்பிப் பார்த்தபோது தேன்மொழியின் காலடியில் வெள்ளை நூல் நெளிநெளியாகக் குவிந்து கிடந்தது. மார்பு வரைக்கும் இருந்தது ஏறி அக்குளுக்கு வந்துவிட்டது. கீழ்ச்சுற்றுப் பூக்களைக் காணோம். குழந்தையின் கை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

பூங்கொடி அடித்துவிட்டாள்.

என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்கு முன்னாலேயே கை போய்விட்டது. குழந்தையின் முழங்கைக்குக் கீழே பட்டென்று விழுந்தது. நாலு விரலும் பதிந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவள் அந்தக் குழந்தையை ஒரு அதட்டல்கூடப் போட்டதில்லை.

தேன்மொழி அழவில்லை. நூலை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். அழுதது பூங்கொடிதான். குவிந்து கிடந்த நூலை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டு, அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, "அக்கா, அக்கா" என்று அழுதாள். தை மாசத்திலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அக்கா முடியாத கையோடு உட்கார்ந்து போட்டது, இனி ஒருக்காலும் போட முடியாதது, கண்ணெதிரே வெறும் நூலாகிப் போய்விட்டது. போய்ச் சேர்ந்தவளை மறுபடி ஒருதரம் அனுப்பிவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"சித்தி, அழாத சித்தி" என்று குழந்தை பயந்துபோய் அவள் தோளைத் தொட்டாள். "நான் திருப்பிச் சுத்தித் தரேன்."

*

மிஞ்சியதைக் காப்பாற்ற ஒரு ஊசிதான் தேவைப்பட்டது. கழன்ற நூலைக் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, ஊசியில் கோத்து, கடைசி வளையத்துக்குள் விட்டு இழுத்து முடிச்சுப் போட்டாள் பூங்கொடி. இதைக் காலையிலேயே செய்திருக்கலாம். ஊக்கை உருவும்போது ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

மார்போடு வர வேண்டிய சுருக்கு அக்குளிலேயே வந்தது. பச்சைத் துணியை இன்னும் நீளமாக வெட்டி அதைச் சரிக்கட்டினாள். மெஷின் ஓடியது. தைக்கத் தைக்கக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு தைத்தாள். கழன்ற நூல் என்ன ஆயிற்று என்று அவள் பார்க்கவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தேன்மொழி ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

சாதம் பிசைந்து ஊட்டும்போது பூங்கொடி அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். "வலிக்குதாடி?"

"இல்ல."

"சித்தி வேணும்னு அடிக்கலடி."

"தெரியும்" என்றாள் குழந்தை. எப்போதும் வாய் ஓயாத பெண் அப்படிப் பேசாமல் சாப்பிட்டதைப் பூங்கொடி கவனித்தாள். அடிபட்ட வருத்தம் என்று நினைத்தாள்.

*

ஜோதியம்மாள் வந்தபோது வெளியே செங்கம் ரோட்டில் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது. ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். கையில் ஒரு பை அவித்த வேர்க்கடலை. தேன்மொழிக்கு மல்லாட்டை என்றால் உயிர் என்று அவளுக்குத் தெரியும்.

"ரோட்டை அடைக்கிறதுக்குள்ள போகணும் பூங்கொடி. தண்ணி மட்டும் குடு. காப்பியெல்லாம் வேணாம்."

"உக்காருங்க அண்ணி."

ஜோதியம்மாள் ஒன்றும் பொல்லாதவள் இல்லை. குழந்தை பிறக்காத வீட்டில் இருந்து இருந்து, பேச்சில் கொஞ்சம் முள் வந்துவிட்டது, அவ்வளவுதான். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற புருஷன், சொந்த வீடு, மொட்டை மாடி எல்லாம் இருந்தும் சாயங்காலமானால் யாரைப் பார்த்துச் சோறு பிசைவது என்று தெரியாமல் நிற்கிறவள். எழிலரசி மேல் அவளுக்கு நிஜமாகவே உயிர்.

புதுக்கவுனில் நின்ற குழந்தையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இது எழில் போட்டதுதானே?"

"ஆமாங்க அண்ணி."

"வாடி கண்ணு இங்க." மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, தோளில் இருந்த வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். கை கீழே இறங்கியபோது நின்றது. "இன்னாடி இது, கையில இப்படிச் சிவந்திருக்கு?"

பூங்கொடி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"வேர்க்குரு அத்தை" என்றாள் தேன்மொழி.

சட்டென்று சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், பூங்கொடி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள். பூங்கொடியும் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். குழந்தை இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லும், ஜோதியம்மாள் கிளம்பிவிடுவாள். பூங்கொடி அந்த ஆசையோடு வாசலைப் பார்த்தாள். ஆனால் தனக்காக ஒரு ஆறு வயசுக் குழந்தை பொய் சொல்லி நிற்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வேர்க்குரு இல்லங்க அண்ணி. நான்தான் அடிச்சேன்."

ஜோதியம்மாள் நிமிர்ந்தாள். "அடிச்சியா? எதுக்கு?"

"அக்கா போட்டது... பாதி பிரிஞ்சி போச்சுங்க. பாத்ததும் எனக்குக் கண்ணு தெரியல. கை போயிடுச்சு."

எப்படிப் பிரிந்தது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்ல வாய் எழவில்லை. அக்காவின் கடைசி வேலையைத் தன் கத்திரியே கெடுத்தது என்று அக்காவின் நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது? அடித்ததைச் சொன்னதே பெரிசு என்று நினைத்துக்கொண்டாள். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிட்டாள்.

ஜோதியம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். ஜோதியம்மாளோ பூங்கொடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கின கண்ணையும் சிவந்த மூக்கையும் பார்த்தாள்.

"அழுதியா?"

பூங்கொடி தலையாட்டினாள்.

"எழிலை நெனச்சா?"

அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்ததும் மறுபடி வந்துவிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீ ஒரு சொட்டு அழுது நான் பாக்கல" என்றாள் ஜோதியம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அக்கா போட்டோ முன்னால பூ வெச்சிட்டு, கல்லு மாதிரி உள்ள போவ. நான் தப்பா நெனச்சேன் பூங்கொடி. கூடப் பொறந்தவ போனதுக்கே மனசு எறங்காதவகிட்ட, அவ பெத்தது எப்படி வளரும்னு நெனச்சேன். நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு வந்தா இதை ஓரங்கட்டிடுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அழைச்சிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எங்கம்மாதான் அழக் கூடாதுன்னாங்க அண்ணி. கல்யாணம் புடிக்கலன்னு நெனச்சுடுவாங்கன்னு..."

"நல்லாச் சொன்னாங்க போ."

ஒருத்திக்கு அக்கா, ஒருத்திக்குத் தம்பி பெண்டாட்டி. இரண்டு பேரும் இத்தனை நாள் ஒரே ஆளுக்காகத் தனித்தனியாகத் துக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஜோதியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு மடியில் இருந்த குழந்தையின் முகத்தைத் திருப்பினாள். "நான் கட்டாயப்படுத்தல. நீயே சொல்லுடி கண்ணு. அத்தை வீட்டுக்கு வரியா, சித்திகிட்டயே இருக்கியா?"

பூங்கொடிக்குப் பயமே இல்லை. பதில்தான் காலையிலேயே தெரியுமே.

தேன்மொழி கவுனின் பச்சைத் துணியை விரலால் சுருட்டினாள், விட்டாள், மறுபடி சுருட்டினாள்.

"உங்ககூட வரேன் அத்தை."

ஜோதியம்மாளுக்கே நம்ப முடியவில்லை. பூங்கொடியைப் பார்த்தாள். பூங்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? சித்திகிட்ட இருக்கலியா?"

"இல்ல. வரேன்."

ஒரு அடிக்கு இவ்வளவு தண்டனையா என்று பூங்கொடிக்குத் தோன்றியது. தோன்றிய உடனே, இருக்கட்டும், அடித்தவளுக்கு வேண்டியதுதான் என்றும் தோன்றியது. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று ஏன் என்று அவள் கேட்கவில்லை. பையில் துணிகளை எடுத்து வைத்தாள். சீப்பு, ரிப்பன், உடைந்த கைப்பிடிக் குடை, எல்லாவற்றையும் வைத்தாள். சந்து முனையிலிருந்து ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார்.

ஆட்டோவில் ஏறின பிறகு தேன்மொழி தலையை வெளியே நீட்டினாள்.

"சித்தி."

"என்னடா கண்ணு?"

"நான் இனிமே எதையும் இழுக்க மாட்டேன்."

ஆட்டோ கிளம்பிவிட்டது.

*

வீடு காலியாகக் கிடந்தது. பூங்கொடி நேரம் போனது தெரியாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே நடக்கிறவர்களின் சத்தம் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கேட்டது. வெயில் இறங்கியதும் எழுந்து, பழக்கத்தில், தரையில் கிடந்த வெட்டுத் துணிகளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

விளக்குமாறு மூலையில் எதிலோ இடித்தது. ஒரு காலி நூல்கண்டு. அதன்மேல், கழன்றுபோன நெளிநெளி வெள்ளை நூல் முழுவதும் சுற்றியிருந்தது. குழந்தைக் கை சுற்றினது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். நுனி அவிழ்ந்துவிடாமல் இருக்க, பூங்கொடி காலையில் உருவிப்போட்ட அந்த ஊக்கையே தேடி எடுத்துக் குத்திவைத்திருந்தாள் தேன்மொழி.

'நான் திருப்பிச் சுத்தித் தரேன்.'

'நான் இனிமே எதையும் இழுக்க மாட்டேன்.'

பூங்கொடி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அடிபட்ட கோபத்தில் குழந்தை போகவில்லை. அம்மா போட்டதைத் தான் இழுத்துக் கெடுத்துவிட்டோம், சித்தி தன்னால்தான் அப்படி அழுதாள், தான் இருந்தால் இன்னும் எதையாவது கெடுத்துவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறது. "பாதி பிரிஞ்சி போச்சு" என்று சொன்னபோதும் அந்த மடியில்தானே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது? அப்போதாவது 'வெட்டினது நான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாத்தனாருக்குப் பயந்து விழுங்கின அந்த ஒரு வார்த்தையைக் குழந்தை தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டது.

அவள் கதவைப் பூட்டினாள். நூல்கண்டைப் புடவை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆட்டோவும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. செங்கம் ரோட்டுக்கு வந்து, ஊர்ப் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். ரோடு முழுக்க ஜனம் எதிரே வந்துகொண்டிருந்தது. தோளில் குழந்தைகளோடு, வெறுங்காலோடு, அரோகரா சொல்லிக்கொண்டு எல்லோரும் மேற்கே போக, அவள் ஒருத்திதான் கிழக்கே போனாள்.

"யம்மா, இது எதிர்ப் பக்கம். இப்படிச் சுத்தக் கூடாது" என்றார் ஒரு பெரியவர்.

"நான் சுத்த வரலீங்க. வேங்கிக்கால் போறேன்."

"இந்தக் கூட்டத்துலயா?" கூட வந்த அம்மாள் நின்றாள். பூங்கொடியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "குழந்தை கிழந்தை காணாம போயிடுச்சா? அதோ அங்க மைக்ல சொல்றாங்க, போய்க் கேளும்மா."

"காணாம போவலம்மா. இருக்கு. அதுகிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்."

"காலையில சொல்லிக்கலாமே. நீ எப்படிப் போய்ச் சேருவ?"

பூங்கொடி நிற்கவில்லை. இருட்டு விழுந்தால் தேன்மொழி சாப்பிட்டு உடனே தூங்கிவிடுகிற பெண். தான்தான் கெடுத்தோம் என்ற நினைப்போடு அவள் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது. வழி விடுங்கம்மா, வழி விடுங்கய்யா என்று கேட்டுக்கொண்டே, எதிரே வந்த அத்தனை ஜனத்துக்குள்ளும் அவள் நுழைந்து போனாள்.